கணுக்கால் முறிவுச் சத்திரசிகிச்சைக்குப் பின் எப்போது காலை ஊன்றலாம்?

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் 58 வயதான தம் தாயாரைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். மழை பெய்த ஒரு மாலையில் அம்மா வாசற்படியில் வழுக்கி விழுந்து, இடது கணுக்காலின் வெளி எலும்பும் உள் எலும்பும் முறிந்துவிட்டன. வெளியே தகடும் உள்ளே 2 திருகாணிகளும் பொருத்திச் சத்திரசிகிச்சை செய்து 4 வாரம் ஆகிறது. நிறை 62 கிலோ; 8 வருடமாக நீரிழிவு உண்டு. கிளினிக்கில் “ஆறு கிழமைக்குக் கால் ஊன்ற வேண்டாம், பிறகு படம் எடுத்துப் பார்ப்போம்” என்று சொல்லியிருக்கிறார்கள். லண்டனில் இருக்கும் மாமா, அங்கே இரண்டு கிழமையிலேயே நடக்க விடுகிறார்கள் என்று தொலைபேசியில் சொல்கிறார். பெரியம்மாவோ மூன்று மாதத்துக்குக் கால் நிலத்தில் படவே கூடாது என்று பக்கத்திலேயே காவல் இருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பது கேள்வி.

இந்த மூன்று பேச்சையும் கொழும்பில் இயன்மருத்துவராக நான் வேலை செய்த காலமெல்லாம் ஒரே அறையில், ஒரே நோயாளியின் கட்டிலைச் சுற்றிக் கேட்டிருக்கிறேன். மூன்றும் எங்கோ ஒருவருடைய காலுக்குச் சரியாகத்தான் இருக்கும். உங்கள் அம்மாவின் கால் அதுதானா என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. கால் ஊன்றும் நாளை நாட்காட்டி தனியாகத் தீர்மானிப்பதில்லை. எந்த எலும்பு முறிந்தது, எதனால் பிணைத்தார்கள், அந்தப் பிணைப்பு எவ்வளவு உறுதியாக அமைந்தது என்று சத்திரசிகிச்சை செய்தவர் கண்ணால் கண்டதும், தோல் எப்படி ஆறுகிறது என்பதும், பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்பதும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே மற்றெதையும் படிக்கும் முன் ஒன்றை மனதில் கொள்ளுங்கள்: உங்கள் அம்மாவுக்குக் கிளினிக்கில் சொன்ன 6 வாரம் என்பது, அதைச் சொன்னவரே மாற்றும் வரை நிற்கும். அதன் காரணம் என்ன, அதை மாற்றக் கூடியது எது என்பதைத்தான் இங்கே விளக்க முடியும்.

கணுக்கால் மூட்டின் அமைப்பைத் தச்சு வேலை தெரிந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். முழங்காலிலிருந்து இறங்கும் 2 எலும்புகளின் கீழ் முனைகள் ஒரு கவ்வு போல நிற்க, பாதத்தின் மேலெலும்பு அந்தக் கவ்வுக்குள் முளை போலப் பொருந்தி முன்னும் பின்னும் அசைகிறது. கவ்வின் உட்பக்கத் தாடை பெரிய எலும்பினுடையது. வெளிப்பக்கத் தாடை மெல்லிய வெளி எலும்பினுடையது. உடலின் பாரத்தில் பெரும்பங்கைப் பெரிய எலும்பே தாங்குகிறது. வெளி எலும்பு தாங்கும் பங்கு சிறியது. முளை பக்கவாட்டில் விலகாமல் பிடித்து வைப்பதே அதன் முக்கிய வேலை. அந்த வேலை எவ்வளவு நுட்பமானது என்பதை ராம்சே, ஹாமில்டன் என்ற இருவர் 1976இல் அளந்து காட்டினார்கள்: முளை வெளிப்பக்கமாக 1 மில்லிமீற்றர் விலகினாலே மூட்டுப் பரப்புகள் ஒன்றையொன்று தொடும் இடம் 42 சதவீதம் குறைந்துவிடுகிறது. அதே பாரம் பாதிக்குச் சற்றுக் கூடிய இடத்தில் மட்டும் அழுத்தும்போது குருத்தெலும்பு தேயும். சத்திரசிகிச்சை செய்வது இந்த ஒரு மில்லிமீற்றருக்காகத்தான். கால் ஊன்ற விடத் தயங்குவதும் அதே மில்லிமீற்றருக்காகத்தான்.

பெரியம்மாவின் மூன்று மாதம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது வெறும் பயத்தில் பிறந்ததல்ல. முன்பு முறிவு என்றால் முழங்கால் வரை பிளாஸ்டர் போட்டு, எலும்பு தானாகப் பொருந்தும் வரை காத்திருப்பதே வழக்கம். உள்ளே பிணைப்பு எதுவும் இல்லாததால் அசைந்தால் விலகும் என்ற அச்சம் அப்போது நியாயமானது. 1958இல் சுவிற்சர்லாந்தில் சில சத்திரசிகிச்சை நிபுணர்கள் ஒன்றுகூடி, எலும்பை உறுதியாகப் பிணைத்துவிட்டு மூட்டைச் சீக்கிரம் அசைக்க விட வேண்டும் என்ற கொள்கையை வகுத்தார்கள். இன்று உலகெங்கும் பயன்படும் தகடு, திருகாணி முறைகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை. நீண்ட காலம் அசையாமல் கிடந்த கால்களில் மூட்டு இறுகி, தசை வற்றி, எலும்பு சாரம் இழந்து, வீக்கம் வடியாமல் நிற்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். பிணைப்பு வந்த பிறகும் பழைய காத்திருப்பு மட்டும் பல இடங்களில் வழக்கமாகத் தொடர்ந்தது.

மாமா சொல்வதற்கும் ஆதாரம் உண்டு. பிரித்தானியாவில் 23 வைத்தியசாலைகளில், கணுக்கால் முறிவுக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 561 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை 2 வாரத்திலும் மற்றவர்களை 6 வாரத்திலும் கால் ஊன்றச் செய்து பார்த்த ஆய்வு 2024இல் வெளியானது. 4 மாதம் கழித்து நடை, வீக்கம், படியேறுதல் முதலியவற்றைக் கேட்டுப் புள்ளியிட்டபோது, சீக்கிரம் ஊன்றியவர்கள் எந்த வகையிலும் பின்தங்கவில்லை, சிக்கல்களும் கூடவில்லை. அதற்கு முன் 2016இல் கனடாவில் 110 பேரிடம் செய்த ஆய்விலும் 2 வாரத்தில் ஊன்றியவர்களுக்குப் பிணைப்பு கழன்றுவிடவில்லை. 6 வாரத்தில் அவர்களின் மூட்டு அசைவு மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. ஆனால் வேலைக்குத் திரும்பிய காலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது யாரைச் சேர்த்தார்கள் என்பதோடு யாரை விட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பிரித்தானிய ஆய்வில் பாதத்தின் காப்புணர்வை, அதாவது காயம் படுவதை எச்சரிக்கும் உணர்வை, இழந்தவர்கள் சேர்க்கப்படவில்லை. உங்கள் மாமா கண்டவர்கள் பெரும்பாலும் அந்தச் சிக்கல் இல்லாதவர்களாக இருந்திருப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு 8 வருட நீரிழிவு. ஆகவே கேள்வி இங்கேதான் திரும்புகிறது.

நீரிழிவு என்ற சொல்லைக் கேட்டவுடன் எல்லோரையும் ஒரே பெட்டியில் போட்டுவிடக் கூடாது. சீனி கட்டுப்பாட்டில் இருந்து, நரம்பும் இரத்த ஓட்டமும் சிறுநீரகமும் நன்றாக இருக்கும் ஒருவரின் எலும்பு ஏறக்குறைய மற்றவர்களுடையதைப் போலவே ஆறும். நரம்பு மரத்துப் போனவரின் கதை வேறு. வலி என்பது நம் உடல் வைத்திருக்கும் காவற்காரன். அவன் உறங்கிவிட்டால் தகடு வளைவதும் திருகாணி எலும்பை அறுத்துக்கொண்டு வெளியேறுவதும் அவருக்குத் தெரியாமலே நடக்கும். அத்தகையவர்களின் மூட்டெலும்புகள் வலியின்றியே நொறுங்கி உருக்குலையும் நிலையைப் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1868இல் விவரித்தார். அவர் பெயரிலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. பாதம் சிவந்து, சூடாகி, வீங்கி இருக்கும், ஆனால் கேட்டால் “நோவில்லை” என்பார்கள். இதற்காகவே உணர்வு குன்றிய பாதம் உள்ளவர்களைச் சாதாரண காலத்தின் இரு மடங்கு வரை, அதாவது 10, 12 வாரம் வரை ஊன்ற விடாமல் வைத்திருக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அவர்களைப் பொறுத்த மட்டில் பெரியம்மாதான் சரி.

உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பது கடினமான வேலையல்ல. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழை ஒன்றைப் பெருவிரலின் அடியிலும் பாதத்தின் மேட்டிலும் தொட்டு, கண்ணை மூடியிருப்பவர் “இப்போது” என்று சொல்கிறாரா என்று பார்ப்பார்கள். நீரிழிவுக் கிளினிக்குகளில் இதைச் செய்வது வழக்கம். முறிந்த காலில் வீக்கத்தால் தெளிவு குறையலாம் என்பதால் நல்ல காலிலும் பார்க்கச் சொல்லுங்கள். நரம்பு மரப்பு பொதுவாக இரு கால்களிலும் ஒரே மாதிரி வருவது. சில வருடத்துக்கு முன் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஓர் ஐயா, முறிவுக்குப் பிறகு 5ஆம் வாரமே வீட்டுக்குள் நடமாடத் தொடங்கிவிட்டதாகப் பெருமையோடு சொன்னார். நோவே இல்லையாம். அவருடைய நல்ல காலின் அடியில், பெருவிரலுக்குக் கீழே, சப்பாத்துக்குள் கிடந்த ஒரு சிறு கல் அழுத்திய பள்ளம் இருந்தது. காலையிலிருந்து அதை அணிந்திருக்கிறார், கல் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. மற்றக் காலின் படத்தை எடுத்துப் பார்க்கும் முன்பே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

உங்கள் அம்மாவுக்கு உணர்வு நன்றாக இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது பிணைப்பின் வகை. வெளி எலும்பில் தகடும் உள் எலும்பில் திருகாணிகளும் உறுதியாகப் பிடித்திருந்தால், பல நிபுணர்கள் காயம் ஆறித் தையல் எடுத்த பிறகு, அதாவது 2 வாரம் அளவில், பூட்டு (boot) எனப்படும் உயர்ந்த காப்புச் சப்பாத்துக்குள் கால் வைத்துப் படிப்படியாக ஊன்ற விடுகிறார்கள். இரண்டு எலும்புகளையும் சேர்த்துப் பிடிக்கும் நாண்கள் கிழிந்து, வெளி எலும்பைப் பெரிய எலும்போடு குறுக்காகத் திருகாணி போட்டுப் பிணைத்திருந்தால் நிலைமை மாறும். நடக்கும்போது அந்த இரு எலும்புகளும் இயல்பாகவே சற்று அசைய வேண்டியவை. திருகாணி அதைத் தடுப்பதால், ஊன்ற ஊன்ற அது தளரவோ முறியவோ செய்யலாம். ஆகவே அப்படியானவர்களுக்கு 6 முதல் 8 வாரம் வரை காத்திருக்கச் சொல்வது பரவலான வழக்கம். அந்தத் திருகாணி நாண் ஆறிய பிறகு முறிந்தால் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன், ஏனெனில் படத்தில் முறிந்த திருகாணியைக் கண்டு இரவெல்லாம் தூங்காமல் வந்தவர்கள் இருக்கிறார்கள். பெரிய எலும்பின் பின்விளிம்பும் சேர்ந்து உடைந்திருந்தாலும், எலும்பு பல துண்டாகச் சிதறியிருந்தாலும், கவ்வின் பாரம் தாங்கும் கூரைப் பகுதியே நொறுங்கியிருந்தாலும் காலம் நீளும். கூரை நொறுங்கியது வேறு வகை முறிவு. அதற்கு 10, 12 வாரம் என்பது சாதாரணம். 58 வயதுப் பெண் என்பதால் எலும்பின் அடர்த்தியும் கணக்கில் வரும். சாரமற்ற எலும்பில் திருகாணி பஞ்சில் குத்திய ஊசி போலத்தான் நிற்கும், அதைத் திருகியவரின் கைதான் அறியும். இவற்றில் எது உங்கள் அம்மாவுக்கு என்பது நோய் நிர்ணய அட்டையில், சத்திரசிகிச்சைக் குறிப்பில், படத்தில் இருக்கிறது. தொலைபேசியில் பேசும் எவருக்கும் தெரியாது.

இதனால் அடுத்த கிளினிக்கில் “எப்போது நடக்கலாம்?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குக் கூட்டமான வெளிநோயாளர் பிரிவில் “ஆறு கிழமை” என்ற பதில்தான் கிடைக்கும். அதற்குமேல் சொல்ல நேரமும் இராது. “பிணைப்பு உறுதியாக அமைந்ததா? குறுக்குத் திருகாணி போட்டீர்களா? இப்போது பாதத்தைத் தரையில் வைக்கலாமா, எத்தனை கிலோ பாரம் விடலாம், பூட்டோடா பூட்டில்லாமலா?” என்று கேளுங்கள். முடிந்தால் பதிலை அட்டையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வார்த்தைகள் வாய்வழி வரும்போது “ஊன்ற வேண்டாம்” என்பது வீட்டில் “அசைக்க வேண்டாம்” என்று மாறிவிடுகிறது. நான் கண்ட இறுகிப்போன கணுக்கால்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு சொல் மாற்றத்தால் வந்தவை என்பது என் எண்ணம். ஊன்றாமலே அசைக்கலாம். உங்கள் அம்மாவின் கால் கழற்றக்கூடிய பூட்டில் இருந்து, அசைக்க அனுமதியும் இருந்தால், இந்த 4ஆம் வாரத்திலேயே ஒரு நாளைக்கு 4, 5 முறை கட்டிலில் இருந்தபடி பாதத்தை மேலும் கீழும் மெதுவாக அசைக்க வேண்டும். விரல்களையும் முழங்காலையும் இடுப்பையும் எப்படியும் அசைக்கலாம். கெண்டைக்கால் தசை இயங்கினால் இரத்தம் தேங்காது.

தேங்கிய இரத்தம் உறைவதுதான் இந்தக் காலத்தின் உண்மையான ஆபத்து. கெண்டைக்கால் திடீரென்று இறுகி வீங்கி அழுத்தினால் நோகுமானால் அன்றே காட்டுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் முச்சக்கர வண்டியைத் தேட வேண்டாம், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள்.

இப்போது ஊன்றுவது என்றால் என்ன என்பதைச் சொல்கிறேன். வீட்டில் அதை ஒரு விளக்கை ஏற்றுவது அணைப்பது போல நினைக்கிறார்கள்: நேற்று வரை ஊன்றவில்லை, இன்று ஊன்றுகிறார். உண்மையில் அது மருந்தின் அளவைப் போன்றது. முதற் படியில் பாதம் தரையைத் தொடும், பாரம் இராது. காலின் சொந்த எடை மட்டும் இறங்கும். அதுவே சும்மா இல்லை, ஒரு முழுக்காலின் எடை உடல் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, 62 கிலோ உள்ளவருக்கு 10 கிலோ அளவு. அடுத்து பகுதிப் பாரம், பிறகு தாங்குமளவு, கடைசியாக முழுப் பாரம். நின்றுகொண்டு ஊன்றுவதற்கும் நடந்துகொண்டு ஊன்றுவதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. நடக்கும்போது குதிநாண் இழுக்கும் இழுப்பும் சேர்வதால் கணுக்கால் மூட்டுக்குள் இறங்கும் விசை உடல் எடையின் 4, 5 மடங்கு வரை போகும். நின்றபடி ஊன்றிப் பழகாமல் நேரே நடக்கத் தொடங்குவது ஆகாது என்பது அதனால்தான்.

அனுமதி கிடைத்த நாளில் என்ன செய்வோம் என்பதைப் பாருங்கள். வீட்டில் நிறை பார்க்கும் சாதாரண தராசு ஒன்று போதும். அதை மேசையின் அருகில் வைத்து, அதே உயரத்துக்கு ஒரு பலகையை மற்றக் காலுக்குக் கீழே போட்டு, இரு கையாலும் மேசையைப் பிடித்தபடி அம்மாவை நிற்கச் சொல்வோம். நொந்த கால் தராசின் மேல் வந்தவுடன் அவருடைய பார்வை முள்ளில் போய் நிற்கும். முள் 4இலும் 5இலும் நடுங்கும். பாதம் கீழே இறங்கியதும் நாவற்பழ நிறத்துக்கு மாறும். அதைக் கண்டு பயந்து காலைத் தூக்கிவிடுவார்கள். வாரக் கணக்கில் உயரத்தில் கிடந்த காலில் இரத்தம் இறங்கும்போது வருவது அது, உட்கார்ந்தால் மாறிவிடும். தோல் உரிந்து செதிலாக விழும், கெண்டை மெலிந்து துணி மாதிரித் தொங்கும், பாதத்தின் அடியில் ஆயிரம் ஊசி. எல்லாம் எதிர்பார்த்தவைதான். கண்ணை மூடச் சொல்லி, குதிக்காலை முதலில் அழுத்தச் சொன்னால் முள் மெல்ல 15க்கு ஏறும். 20 வந்ததும் “இந்த அழுத்தத்தை ஞாபகம் வையுங்கள்” என்போம். அவ்வளவுதான் அன்றைய பாடம். மேசையைப் பிடித்த உள்ளங்கை இரண்டும் வியர்த்திருக்கும்.

இந்தத் தராசு முறையில் ஒரு குறை உண்டு. நிற்கும்போது 20 கிலோ பழகியவர் நடக்கும்போது அதைத் தாண்டிவிடுவார், அதை அளந்து பார்த்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே 20 என்பதை எல்லைக்கோடாகக் கொள்ளாமல், துணிவு தரும் பழக்கமாகக் கொள்ளலாம். உண்மையான அளவுகோல் மறுநாள் காலைதான். முதல் நாள் ஊன்றியதால் வந்த வலியும் வீக்கமும் இரவுத் தூக்கத்தோடு அடங்கி, காலையில் பழைய நிலைக்கு வந்திருந்தால் அளவு சரி. இன்னொரு 5, 10 கிலோ கூட்டலாம். காலையிலும் வீக்கம் அப்படியே நின்றால் அளவு கூடிவிட்டது. ஒரு படி இறங்கி இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். உணர்வு மரத்தவருக்கு இந்த அளவுகோல் உதவாது என்பதை மறுபடி சொல்ல வேண்டும்; அவர் வலியைப் பார்த்து அல்ல, படத்தைப் பார்த்தும் தோலின் சூட்டைப் பார்த்தும் கூட்டுவார். 62 கிலோவுக்குப் பாதி 31. தராசில் 31 நிலையாக நின்றால் இரு காலிலும் சமமாக நிற்கிறார் என்று பொருள். தொடக்கத்திலிருந்து அங்கே வந்து சேரப் பலருக்கு 2 முதல் 4 வாரம் ஆகும்.

ஊன்றுகோலைப் பற்றிச் சுருக்கமாக. அதன் மேல்முனைக்கும் கமக்கட்டுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். பாரம் உள்ளங்கையில் இறங்க வேண்டும், கமக்கட்டில் தொங்கினால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கி மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போய்விடும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நொந்த காலும் ஊன்றுகோலும் முதலில். ஒரு கோலுக்கு மாறும்போது அதை நல்ல காலின் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் நொந்த பக்கத்தில்தான் பிடிக்கிறார்கள். பூட்டின் அடி தடிப்பாக இருப்பதால் அந்தக் கால் 2, 3 சென்ரிமீற்றர் நீண்டுவிடும். மற்றக் காலில் இரப்பர் செருப்போடு நடந்தால் ஒரு வாரத்தில் இடுப்பு நோகும். அடி தடித்த சப்பாத்து ஒன்றைப் போடச் சொல்லுங்கள்.

கொழும்பு வீட்டில் ஆபத்து எங்கே என்றால் குளியலறையிலும் அதன் வாசலிலும்தான். ஈரமான டைல்ஸ் தரையில் ஊன்றுகோலின் இரப்பர் முனை சவர்க்காரத் துண்டு போல வழுக்கும். முனை தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பிளாஸ்ரிக் கதிரையில் உட்கார்ந்து குளிக்கட்டும், கதிரையின் நான்கு காலும் தேயாதவையா என்று பாருங்கள். குந்தும் மலசலகூடமாக இருந்தால் இப்போதைக்கு அதை மறந்துவிட வேண்டும். குந்துவதற்குக் கணுக்கால் 30 பாகைக்கு மேல் மடங்க வேண்டும், சமதரையில் நடக்க 10 பாகை போதும். இந்த வித்தியாசம் நம்மவர்களுக்கு முக்கியம். வெளிநாட்டு ஏடுகளில் “நன்றாகச் சுகமடைந்தார்” என்று எழுதப்படும் ஒருவர் கதிரையில் இருந்து எழுந்து கடைக்குப் போய் வருபவர். நம் வீட்டு அம்மா தரையில் சப்பணமிட்டுக் காய்கறி வெட்ட வேண்டும், சுவாமி அறையில் விழுந்து கும்பிட வேண்டும். தொழுகையில் காலை மடித்து இருப்பவருக்கும் சமதரையில் நடப்பதற்கு மேலான அசைவு வேண்டும். அது தானாக வராது. முழுப் பாரம் ஊன்றத் தொடங்கிய பிறகு, சுவரைப் பார்த்து நின்று, குதிக்காலை உயர்த்தாமல் முழங்காலைச் சுவரில் தொட முயலும் பயிற்சியை மாதக் கணக்கில் செய்ய வேண்டும். பெருவிரலுக்கும் சுவருக்கும் இடைவெளி எத்தனை விரற்கடை என்று இரு காலிலும் அளந்து ஒப்பிட்டால், எவ்வளவு பாக்கி என்பது வீட்டிலேயே தெரியும்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் போகலாமா என்பதும் எப்படியும் வரும் கேள்வி. மூடிய முறிவுகளில் அவர்களின் அனுபவத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் அப்பாவின் மணிக்கட்டு அவர்களிடம்தான் பொருந்தியது. தகடு உள்ளே இருக்கும் காலுக்கு அது பொருந்தாது. ஆறாத தையலின் மேல் புக்கை கட்டினால் கிருமி தகட்டில் போய் உட்காரும், அப்படி உட்கார்ந்த கிருமியை எடுக்கச் சில வேளை தகட்டையே எடுக்க வேண்டி வரும். எண்ணெய் தடவி இழுத்துப் பிடிப்பதும் வேண்டாம். தழும்பு முழுதாக மூடிய பிறகு அதன் மேல் விரலால் மெதுவாக எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை, தோல் தகட்டோடு ஒட்டாமல் இருக்க அது உதவவும் செய்யும்.

6ஆம் வாரப் படத்தைப் பற்றியும் ஒரு சொல். தகடு போட்டு நெருக்கிப் பிணைத்த எலும்பு, பிளாஸ்டரில் ஆறும் எலும்பைப் போல வெள்ளைக் குமிழாகப் புது எலும்பு வைப்பதில்லை. இடைவெளி இல்லாததால் நேரடியாகவே ஒட்டிக்கொள்கிறது. ஆகவே படத்தில் “ஒன்றும் வளரவில்லையே” என்று நீங்கள் கலங்க வேண்டியதில்லை. பார்ப்பவர் தேடுவது வேறு: திருகாணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் தோன்றியிருக்கிறதா, தகடு இடம் மாறியிருக்கிறதா, முளைக்கும் கவ்வுக்கும் இடையே உள்ள வெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா. இவை சரியாக இருந்து, அமுக்கும்போது எலும்பில் நோவும் இல்லை என்றால் பச்சைக்கொடி கிடைக்கும். புகைப்பவருக்கு எலும்பு ஒட்டத் தாமதமாகும்; உங்கள் வீட்டில் அந்தக் கவலை இராது என்று நினைக்கிறேன். வாகனம் ஓட்டுபவர்கள் இதைப் படித்தால், வலது கணுக்காலில் சத்திரசிகிச்சை செய்தவர்களின் பிரேக் மிதிக்கும் வேகம் இயல்புக்கு வர ஏறக்குறைய 9 வாரம் எடுத்ததாக அளந்து கண்டிருக்கிறார்கள். காலி வீதியில் அதற்கு முன் ஓட்டத் துணிய வேண்டாம். மாலை வீக்கம் 6 மாதம், சிலருக்கு ஒரு வருடம் கூட இருக்கும். அதற்காக நடையை நிறுத்துபவர்கள்தான் பின்னர் நொண்டுகிறார்கள்.

உங்கள் அம்மாவுக்கு இன்னும் 2 வாரம் இருக்கிறது. அதற்குள் நீரிழிவுக் கிளினிக்கில் அந்த நைலோன் இழைச் சோதனையைச் செய்து, கடைசி 3 மாதச் சராசரிச் சீனி அளவையும் (HbA1c) எடுத்து, இரண்டையும் எலும்புக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். மூன்றாம் மாடியிலிருந்து லிஃப்ட் வேலை செய்யாத நாளில் அவரை எப்படி இறக்குவது என்பதையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். ஒவ்வொரு படியாக உட்கார்ந்து இறங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை, அதுவே பாதுகாப்பானது. கிளினிக் நாளில் அநேகமாகப் பூட்டைக் கழற்றி நிற்கச் சொல்லிப் பார்ப்பார்கள். 6 வாரமாக ஒற்றைச் சப்பாத்தோடு வாழ்ந்து பழகியவர்கள் அன்றும் ஒற்றைச் சப்பாத்தோடுதான் வந்து இறங்குகிறார்கள். இடது காலுக்கானதையும் மறக்காமல் பையில் எடுத்து வையுங்கள். வீக்கத்துக்கு இடம் கொடுக்கும்படி நாடாவைத் தளர்த்திக்கொள்ளக் கூடியதாக அது இருக்கட்டும்.